மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனையில் விடுபடும் பெண்களைச் சேர்ப்பது எப்படி: ஊராட்சி அளவிலான ஒரு வழிகாட்டி

2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் மார்பகப் புற்றுநோய்க்கான பரிசோதனையை ஒரு முறையேனும் செய்துகொண்டவர்கள் 0.9 சதவீதம்; தமிழ்நாட்டில் 5.6 சதவீதம். மற்ற மாநிலங்களைவிட நாம் முன்னே இருக்கிறோம் என்று இதை வாசிக்கலாம். நூற்றுக்கு 94 பேர் விடுபட்டிருக்கிறார்கள் என்றும் வாசிக்கலாம். விடுபட்டதன் விளைவு இறப்புக் கணக்கில் தெரிகிறது. 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 23 லட்சம் பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது, 6.7 லட்சம் பேர் இறந்தார்கள். இந்தியாவில் அதே ஆண்டு புதிய நோயாளிகள் 1.92 லட்சம், இறப்புகள் 98 ஆயிரம். நோயாளிகளில் இறப்போரின் விகிதம் உலக அளவைவிட இங்கே கூடுதல். நோய் அதே நோய்தான். நம் பெண்கள் மருத்துவரிடம் வந்து சேரும்போது அது முற்றியிருக்கிறது, வந்தவர்களிலும் பலர் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

கிராம சுகாதார செவிலியர், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர், மகளிர் சுய உதவிக் குழுப் பொறுப்பாளர், ஊராட்சி உறுப்பினர், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் ஆகியோரை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. கருவிகளைப் பற்றி இதில் குறைவாகவே இருக்கும். பரிசோதனைக்கு யார் வரவில்லை, கட்டி இருப்பதாகத் தெரிந்த பிறகு எந்த இடத்தில் நின்றுபோனார் என்ற இரண்டு கேள்விகளைச் சுற்றியே எல்லாம் அமையும்.

முதலில் பட்டியல்

முகாம் தேதியை முடிவு செய்துவிட்டு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவிப்பதுதான் நம் வழக்கம். அப்படி அறிவித்தால், ஏற்கெனவே மருத்துவமனைக்குப் போகத் தயங்காதவர்கள், சாலையோரம் வீடு உள்ளவர்கள், அன்று வேலைக்குப் போகாமல் இருக்க முடிந்தவர்கள் ஆகியோரே வருவார்கள். எனவே தேதிக்கு முன்பு பட்டியல் வேண்டும். ஊராட்சியில் உள்ள 30 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் அனைவரின் பெயரும் தெருவாரியாக, குடியிருப்புவாரியாக ஒரே பதிவேட்டில் இருக்க வேண்டும். சுகாதார நிலையத்தின் மக்கள்தொகைப் பதிவை வாக்காளர் பட்டியலோடும் ரேஷன் கடைப் பட்டியலோடும் ஒப்பிட்டுப் பார்த்தால் விடுபட்ட பெயர்கள் தாமாகவே தெரிய வரும்.

அவர்கள் யார் என்பதைக் கவனித்தால் நம் சுகாதார அமைப்பின் பழக்கம் ஒன்று புலப்படும். ஒரு பெண் கருவுற்றது முதல் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டு முடியும் வரை செவிலியர் அவரை வீடு தேடிப் போய்ப் பார்க்கிறார். பிள்ளைப்பேறு முடிந்ததும் அந்தப் பெயர் பதிவேட்டின் பின்பக்கத்துக்குப் போய்விடுகிறது. மார்பகப் புற்றுநோயோ பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வருகிறது. மணமாகாத பெண்களும் குழந்தை இல்லாத பெண்களும் அந்தப் பதிவேட்டுக்குள் எப்போதும் வந்ததே இல்லை; குழந்தை பெறாதவர்களுக்கும் பாலூட்டாதவர்களுக்கும் இந்நோய் வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பது இதில் உள்ள முரண். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இந்த இடைவெளியில் ஒரு பாதியை அடைக்க உதவுகிறது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாதந்தோறும் மாத்திரை வாங்கும் 50 வயதைக் கடந்த பெண்களை அதன் தன்னார்வலர் நேரில் அறிவார். மாத்திரை கொடுக்கப் போகும் அதே வீட்டில் மார்பகப் பரிசோதனையைப் பற்றியும் பேசலாம். இரண்டு பதிவேட்டிலும் இல்லாத பெண்கள்தான் மீதி: அழுத்தமும் சர்க்கரையும் இல்லாத நடுவயதுப் பெண்கள், செங்கல் சூளையிலும் பனியன் கம்பெனியிலும் வேலை செய்யும் வெளிமாநிலப் பெண்கள், மலைக் குடியிருப்புகளிலும் தேயிலைத் தோட்ட லைன் வீடுகளிலும் இருப்பவர்கள், இருளர், நரிக்குறவர் குடும்பத்துப் பெண்கள், படுக்கையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள். இவர்களுக்கென்று தனிப் பக்கம் ஒதுக்கி, அந்தப் பக்கத்தை முதலில் முடிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். எளிதானவர்களை முதலில் முடித்தால் இலக்கு எண் நிறைந்துவிடும். பிறகு கடினமானவர்களைத் தேடிப் போக யாருக்கும் கால் வராது.

எந்த வயதினரை முதலில் அழைப்பது என்ற கேள்வியும் எழும். தேசியத் திட்டம் 30 முதல் 65 வயது வரையில் ஐந்தாண்டுக்கு ஒரு முறை கையால் பரிசோதிக்கச் சொல்கிறது. பணியாளர் குறைவான இடத்தில் எல்லாரையும் ஒரே ஆண்டில் பார்க்க இயலாது. இலங்கையில் 1996 முதல் இயங்கும் பெண்கள் நலக் கிளினிக்குகள் 35, 45 ஆகிய குறிப்பிட்ட வயதுகளை எட்டும் பெண்களை இலக்காகக் கொள்கின்றன. அது போல ஆண்டுதோறும் சில வயதினரைப் பெயர் சொல்லி அழைக்கும் முறையை நாமும் வகுத்துக்கொண்டால், யார் வரவில்லை என்பது மாத இறுதியிலேயே தெரிந்துவிடும். ஒன்று மட்டும் மாறக் கூடாது: கட்டியோ வேறு மாற்றமோ இருப்பதாகச் சொல்லும் பெண்ணுக்கு வயது 25 ஆனாலும் 75 ஆனாலும் திருப்பி அனுப்பக் கூடாது.

எந்தப் பரிசோதனை

மார்பகத்தை எக்ஸ்ரே படம் எடுக்கும் மேமோகிராம் வண்டி ஊருக்குள் வந்தால் புகைப்படம் நன்றாக விழும். ஆனால் ஒரு நாள் வந்து போகும் வண்டியில் படம் எடுக்கப்பட்டு, அறிக்கை யாரிடம் போனது என்று தெரியாமல் நின்றுபோன பெண்ணுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. படத்தைப் படிக்கத் தேர்ந்த கதிரியல் மருத்துவர் வேண்டும். இளவயதுப் பெண்களின் அடர்த்தியான மார்பகத்தில் மேமோகிராம் பலவற்றைத் தவறவிடவும் செய்யும். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் ஒரே ஒரு மேமோகிராம் கருவி இருக்குமானால், அதன் முதல் உரிமை ஏற்கெனவே கட்டி கண்டறியப்பட்ட பெண்ணுக்கு என்பதே என் கருத்து. அறிகுறியே இல்லாத, நகரத்து வசதியுள்ள பெண்களின் முழு உடல் பரிசோதனைக்கு அது ஒதுக்கப்பட்டு, கட்டியோடு வந்தவர் மூன்று வாரம் காத்திருக்கும் நிலை ஏற்பட்டால், அங்கே ஏற்றத்தாழ்வை வளர்ப்பது கருவி அன்று, வரிசைதான்.

கையால் செய்யும் பரிசோதனைக்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. மும்பையில் 1998இல் தொடங்கி, குடிசைப் பகுதிகளைச் சேர்ந்த 35 முதல் 64 வயது வரையிலான 1,51,538 பெண்களை இரு பிரிவாக்கி நடந்த ஆய்வில், சில வாரப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் ஒரு பிரிவினரை இரண்டாண்டுக்கு ஒரு முறை கையால் பரிசோதித்தார்கள். பரிசோதிக்கப்பட்ட பிரிவில் நோய் முன்னதாகவே கண்டறியப்பட்டது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடையே மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. 50க்குக் கீழே இறப்பில் அத்தகைய பலன் தெரியவில்லை. இதன் முடிவுகள் 2021இல் வெளியாயின. 50ஐக் கடந்த பெண்களைத் தேடிப் போக வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

பரிசோதனை எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முகாம்களில் மிகுதியாகக் கெட்டுப்போவது இதுதான். பெண் முதலில் உட்கார்ந்த நிலையில் இருக்க வேண்டும். கைகளை இடுப்பில் ஊன்றச் சொல்லியும், தலைக்கு மேல் தூக்கச் சொல்லியும் இரண்டு மார்பகங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தோல் குழிந்திருக்கிறதா, ஆரஞ்சுத் தோல் போலத் தடித்திருக்கிறதா, காம்பு புதிதாக உள்ளிழுத்திருக்கிறதா, காம்பில் ஆறாத புண் அல்லது இரத்தக் கசிவு உள்ளதா என்று பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். அடுத்து படுக்க வைத்து, தோளுக்குக் கீழே மடித்த துணி ஒன்றை வைத்து, நடுவில் உள்ள மூன்று விரல்களின் உட்பகுதியால், விரல் நுனியால் அன்று, சிறு வட்டங்களாகத் தடவிப் பார்க்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் முதலில் மெல்ல, பிறகு நடுத்தரமாக, பிறகு விலா எலும்பு உணரப்படும் வரை அழுத்திப் பார்த்து, காறை எலும்பிலிருந்து மார்பகத்தின் கீழ்மடிப்பு வரையும், மார்பெலும்பிலிருந்து அக்குளின் நடுப்பகுதி வரையும் இடைவெளி விடாமல் நெடுக்குக் கோடுகளாக நகர வேண்டும். அக்குளையும் காறை எலும்பின் மேற்பகுதியையும் தனியே பார்க்க வேண்டும். காலை 10 மணிக்குத் தொடங்கி 1 மணிக்குள் ஒரே செவிலியர் 100 பேரைப் பார்த்ததாக அறிக்கை வந்தால், ஒருவருக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை என்று பொருள். அந்த அறிக்கையைப் பாராட்டக் கூடாது. மாதவிலக்குக்கு முந்தைய நாள்களில் மார்பகம் முடிச்சு முடிச்சாகத் தென்படலாம் என்பதால், ஐயம் இருந்தால் விலக்கு முடிந்த அடுத்த வாரத்தில் மீண்டும் பார்ப்பது நல்லது.

பரிசோதிப்பவர் பெண்ணாக இருக்க வேண்டும். கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்க வேண்டும். இல்லாத இடத்தில் திரை மட்டும் போதாது. வாசலில் ஓர் ஆளை உட்கார வைக்க வேண்டும். நேரத்தைப் பொறுத்தவரை, நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் பணித்தளப் பொறுப்பாளரிடம் பேசி வருகைப் பதிவு முடிந்த பின் பத்துப் பத்துப் பேராக அருகில் உள்ள பள்ளி அறைக்கு அழைத்து வரலாம். மில்லுக்குப் போகும் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வாய்க்கும்.

பேச வேண்டிய முறை

வலித்தால் மருத்துவரிடம் போவது நம் இயல்பு. மார்பகத்தில் வலியில்லாத கட்டியைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும் என்பதை முதலில் சொல்லுங்கள். அதே மூச்சில், கைக்குத் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்பதையும் சொல்லுங்கள். அச்சமே மிஞ்சினால் அவர் அடுத்த முறை கதவைத் திறக்க மாட்டார். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்று சொல்பவரிடம், நோய் வந்தவர்களில் பெரும்பாலோரின் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இருந்ததில்லை என்று விளக்க வேண்டும். பற்றுப் போட்டுக்கொண்டிருப்பவரைத் திட்டினால் அவர் அதைத் தொடர்வார், உங்களிடம் மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவார். மாமியாரையும் கணவரையும் பேச்சில் சேர்த்துக்கொள்வது பயன் தரும். ஆனால் அவர்களின் சம்மதத்தை நீங்களாகவே ஒரு நிபந்தனையாக்கிவிடாதீர்கள். வீட்டில் தெரிய வேண்டாம் என்று ஒரு பெண் சொன்னால் அதுவே முடிவு. தனித் தட்டு, தனித் தம்ளர் என்ற பேச்சு வந்தால், இது ஒட்டுவாரொட்டி அன்று என்று அங்கேயே, எல்லார் முன்னிலையிலும் சொல்ல வேண்டும்.

கட்டி தெரிந்த நாள் முதல் 60 நாள்

உலக சுகாதார அமைப்பு 2021இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் முன்முயற்சி மூன்று எல்லைகளை வகுத்திருக்கிறது: சுற்றியுள்ள சதைக்குள் பரவும் தன்மையுள்ள புற்றுநோய்களில் குறைந்தது 60 சதவீதம் முதல் இரண்டு நிலைகளிலேயே கண்டறியப்பட வேண்டும், மருத்துவரிடம் வந்த 60 நாள்களுக்குள் நோய் உறுதிப்படுத்தப்பட வேண்டும், 80 சதவீதம் பேர் சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும். இவற்றில் ஊராட்சி அளவில் நாம் நேரடியாகக் கையில் எடுக்கக்கூடியது இரண்டாவது.

'ஜி.எச்.சுக்குப் போங்க' என்று சொல்லி ஒரு சீட்டைக் கொடுப்பது பரிந்துரை ஆகாது. சீட்டில் எந்தப் பக்கத்து மார்பகம், கடிகார முள்ளின் எந்தத் திசையில், எத்தனை சென்டிமீட்டர், அக்குளில் நெறி கட்டியுள்ளதா என்று எழுதியிருக்க வேண்டும். எந்த மருத்துவமனை, எந்தக் கிழமை, எந்த அறை எண், அங்கே யாரைக் கேட்க வேண்டும் என்பதும் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவராக இருந்தால் முதல் தடவை யாரேனும் உடன் செல்ல வேண்டும். புறநோயாளிச் சீட்டு வாங்கும் இடம், ஸ்கேன் அறை, இரத்தப் பரிசோதனை என்று மூன்று கட்டடங்களுக்கிடையே அலைந்து, மதியம் ஒரு மணிக்குக் கதவு மூடியதும் ஊர் திரும்பிய பெண் மறுபடி கிளம்புவது கடினம். ஒரு நாள் கூலியும் பஸ் கட்டணமும் அவருக்கு அதற்குள் போயிருக்கும். மருத்துவமனை நிர்வாகத்தில் இருப்பவர்கள் இதைப் படித்தால், வாரத்தில் ஒரு நாளை மார்பகக் கட்டிக்கென ஒதுக்கி, மருத்துவர் பார்ப்பது, ஸ்கேன், ஊசி வைத்துச் சதை எடுப்பது மூன்றையும் அன்றே முடிக்கும் ஏற்பாட்டைச் செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும். புதிய கட்டடம் எதுவும் இதற்குத் தேவையில்லை.

ஊசி வைத்தால் நோய் பரவிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அது தவறு. சதை எடுத்துப் பார்க்காமல் எந்தச் சிகிச்சை என்று முடிவு செய்யவே முடியாது. உண்மையில் கேடு விளைவிப்பது வேறொன்று: அருகில் உள்ள சிறிய மருத்துவமனையில் கட்டியை மட்டும் அறுத்து எடுத்துவிட்டு, அதைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பாமல் குப்பையில் போட்டுவிடுவது. பல மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடி வளரும்போது பழைய அறிக்கை என்று காட்ட எதுவும் இருக்காது. எனவே யாரேனும் முன்பே அறுவை செய்துகொண்டிருந்தால் அறிக்கையோடு, எடுத்த சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டையையும் கேட்டு வாங்கி வரச் சொல்லுங்கள். எந்த மருந்து பலன் தரும் என்று காட்டும் ஹார்மோன் ஏற்பி, ஹெர்2 ஆகிய பரிசோதனைகளை அதிலிருந்தே செய்துவிடலாம்.

பணம், பயணம், கூலி

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. புற்றுநோய்க்கான அறுவை, கீமோ, கதிர்வீச்சு ஆகியவை இதில் அடங்கும். அட்டை இல்லாத வீடுகளைப் பட்டியல் எடுக்கும்போதே குறித்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்குவது முதல் ஆட்சியர் அலுவலகப் பதிவு மையம் வரை நோய் வருவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். நோய் உறுதியான பின் கணவரின் பெயரில் உள்ள அட்டையைத் தேடி அலைவதில் வாரங்கள் கழிகின்றன. கணவரைப் பிரிந்து வாழும் பெண்களின் பாடு இதில் இன்னும் மோசம், அவர்களுக்குத் தனி ரேஷன் அட்டைக்கான மனுவிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்கள் மாநிலத்து ஆயுஷ்மான் பாரத் அட்டையை இங்குள்ள, அத்திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளிலும் பயன்படுத்தலாம் என்பது அவர்களில் பலருக்கே தெரியாது.

காப்பீடு செலுத்தாதவைதான் சிகிச்சையை நிறுத்துகின்றன: பஸ், தங்குமிடம், துணைக்கு வருபவரின் கூலி, வீட்டில் விட்டு வந்த பிள்ளைக்குச் சோறு, மாட்டுக்குத் தண்ணீர். இரயிலில் சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுக் கட்டணச் சலுகையும், துணைக்கு வருபவருக்கு 75 சதவீதச் சலுகையும் உள்ளன. மருத்துவமனை கையொப்பமிட்ட படிவம் தேவை. பிள்ளையையும் மாட்டையும் பார்த்துக்கொள்வதற்கு அரசாணை வராது. அதை மகளிர் குழு முறைவைத்து ஏற்றுக்கொள்ளலாம். குழுவின் கடன் தவணையை அந்தச் சில மாதங்களுக்குத் தள்ளிவைப்பதையும் முன்கூட்டியே தீர்மானமாக எழுதி வைக்கலாம்.

மக்கள் பேச்சில் 'கரண்ட் வைப்பது' எனப்படும் கதிர்வீச்சுச் சிகிச்சைதான் தொலைவில் வாழ்பவர்களுக்குப் பெருஞ்சுமை. முன்பு அது ஐந்து வாரம், தினமும் நடந்தது. இப்போது 15 தடவையில் மூன்று வாரத்தில் முடிப்பது உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. தகுந்தவர்களுக்கு ஒரே வாரத்தில் 5 தடவையாகக் கொடுப்பதும் பிரிட்டனில் நடந்து 2020இல் வெளியான ஆய்வால் உறுதிப்பட்டிருக்கிறது. எல்லாருக்கும் இது பொருந்தாது. ஆனால் மலையிலிருந்து வரும் பெண்ணுக்குக் குறுகிய முறை பொருந்துமா என்று அவர் சார்பில் மருத்துவரிடம் கேட்பது உடன் செல்பவரின் கடமை. கேட்காமல் விட்டால், தொலைவைக் காரணமாகக் கொண்டு கதிர்வீச்சையே தவிர்ப்பதற்காக மார்பகத்தை முழுவதும் அகற்றிக்கொள்ளச் சம்மதித்துவிடுகிறார்கள். அதே நிலையில் உள்ள நகரத்துப் பெண்ணுக்குக் கட்டியை மட்டும் அகற்றும் அறுவை கிடைக்கிறது.

கீமோவுக்கும் ஒவ்வொரு முறையும் சென்னைக்கோ மதுரைக்கோ போக வேண்டியதில்லை. முதல் தவணையும் திட்டமும் பெரிய மருத்துவமனையில் முடிவான பின், மீதியை மாவட்ட மருத்துவமனையில் எடுத்துக்கொள்ள இயலுமா என்று கேளுங்கள். மாவட்ட மருத்துவமனைகள் அனைத்திலும் புற்றுநோய்ப் பகல்நேரச் சிகிச்சை மையங்கள் மூன்றாண்டுகளில் அமைக்கப்படும் என்று 2025–26 மத்திய நிதிநிலை அறிக்கை அறிவித்திருக்கிறது.

பாதியில் நிற்பவர்கள்

இரண்டாவது, மூன்றாவது கீமோவுக்குப் பிறகு முடி கொட்டி, வாய் புண்ணாகி, கட்டியும் சுருங்கிவிட்ட நிலையில்தான் பலர் 'சரியாயிடுச்சு' என்று நிறுத்துகிறார்கள். ஒவ்வொரு தவணைக்கும் முந்தைய நாள் ஒரு தொலைபேசி அழைப்பு, வராவிட்டால் மூன்றாம் நாள் ஒரு வீட்டு வருகை என்பதை விதியாக்குங்கள். கீமோ எடுத்த ஒருவருக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதையும், மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்துவிடக் கூடாது என்பதையும் வீட்டில் உள்ள எல்லாரிடமும் சொல்லி வையுங்கள். சிகிச்சை முடித்த ஒரு பெண் அதே வட்டாரத்தில் இருந்து, அவருக்கு விருப்பமும் இருந்தால், அவர் பேசுவதற்கு உள்ள வலிமை நம்மில் எவர் பேச்சுக்கும் இல்லை.

அறுவைக்குப் பின் கை வீங்குவது இன்னொரு தடை. களை வெட்டும், பருத்தி எடுக்கும் பெண்ணுக்கு அந்தக் கைதான் வருமானம். தோள் பயிற்சிகளை மருத்துவமனையிலேயே கற்றுக்கொண்டு வருகிறாரா என்று பாருங்கள். ஹார்மோன் ஏற்பி உள்ளவர்களுக்குத் தரப்படும் டாமோக்சிபென் விலை குறைந்த மாத்திரை. குறைந்தது ஐந்தாண்டு தினமும் எடுக்க வேண்டும். நோய் மறைந்த பின்னும் எதற்கு மாத்திரை என்று இரண்டாம் ஆண்டில் நிறுத்துவோர் பலர். அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வரும் ஏற்பாட்டில் இதையும் சேர்த்துவிட்டால், இதற்கென மாதாமாதம் ஒரு பயணம் மிச்சமாகும்.

கணக்கு

மாதக் கூட்டத்தில் எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்ற எண்ணை முதலில் வாசிக்காதீர்கள். அழைத்தும் வராதவர்கள், கட்டி தெரிந்தும் 60 நாளுக்குள் முடிவு கிடைக்காதவர்கள், சிகிச்சையை நிறுத்தியவர்கள் என்ற மூன்று பட்டியல்களை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் ஊர், காலனி, மலைக் குடியிருப்பு, தோட்டம் என்று பிரித்து எழுதுங்கள். மொத்த எண்ணில் மறைவது பிரித்தெழுதும்போது தெரியும். ஊர்த் தெருவில் 70 சதவீதமும் காலனியில் 20 சதவீதமும் வந்திருந்தால், சராசரி பார்வைக்கு நன்றாகவே இருக்கும். பெயர்களைப் பொதுக் கூட்டத்தில் உரக்கப் படிக்கக் கூடாது; செவிலியரும் மருத்துவரும் தன்னார்வலரும் மட்டும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் அடுத்து யார், எந்தத் தேதியில் போவது என்று எழுதிக் கையொப்பமிட்ட பிறகே கூட்டத்தை முடிக்க வேண்டும்.